பாறுகள் ஏன் மடிந்தன, ஏன் திரும்பவில்லை?

ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி வட்டாரத்துக் கிராமங்களில் கறவை மாடு கட்டாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மாடு தீனி எடுக்காமல் படுத்துவிட்டால் மாட்டாஸ்பத்திரிக்கு ஆள் ஓடும். காய்ச்சலும் வீக்கமும் தணிய ஓர் ஊசி விழும். பிழைத்தால் மறுவாரம் பால் சொசைட்டிக்குப் பால் போகும். செத்தால் ஜேசிபி வைத்துக் குழி தோண்டிப் புதைப்பார்கள். அதற்கு வசதியில்லாதவர்கள் ஓடைக்கரையில் தள்ளிவிட்டுப் போவார்கள்; மிச்சத்தை நாயும் காக்கையும் பார்த்துக்கொள்ளும்.

இந்த வேலைக்கு ஒரு காலத்தில் வானத்திலிருந்து ஆள் இறங்கியது. பிணந்தின்னிக் கழுகு என்று ஊரும், பாறு என்று பழந்தமிழும் அழைத்த பறவை அது. இன்று கல்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே கிடக்கும் இந்தச் சமவெளியில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் அதை நேரில் பார்த்தவர் அரிது. ஏன் போயிற்று என்ற கேள்விக்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் குறைந்தது ஐந்து விடைகள் சொல்லப்பட்டன. அவற்றில் ஒன்று, வனவுயிர் அறிவியலில் அபூர்வமாகவே நடக்கும் அளவுக்குத் தெளிவாக வென்றது. ஆனால் வென்ற விடை எந்தக் கேள்விக்கு உரியது என்பதில் ஒரு குழப்பம் மிச்சமிருக்கிறது. ஆத்தூர் போன்ற ஊர்களில் நின்று பார்க்கும்போது அந்தக் குழப்பம் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

பரத்பூரின் கூடுகள்

1985இல் டேவிட் ஹூஸ்டன் என்ற பறவையியலாளர், உலகிலேயே மிக அதிகமாக இருக்கும் பெரிய இரைகொல்லிப் பறவை வெண்முதுகுப் பாறாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். அந்தப் பத்தாண்டில் பாறுகளைப் பற்றி இந்தியாவில் பேசப்பட்ட பெரிய கவலை, அவை விமானங்களில் மோதுகின்றன என்பதுதான். தொகை மிகுதியே தொல்லையாக இருந்த பறவை.

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் கூடுகளை எண்ணிவந்தார். 1987-88இல் 353 இணைகள் கூடு கட்டியிருந்தன. 1996-97இல் அது சுமார் 150 ஆனது. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கிளையில் உட்கார்ந்தபடியே கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நாள் கணக்கில் அசையாமல் இருந்து, பின் பொத்தென்று விழுந்து சாகும் பறவைகளை அவர் பதிவுசெய்தார். 1999இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் அபாயச் சங்கு.

1990களின் தொடக்கத்தில் சாலையோரமாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் எடுத்த பழைய கணக்கு ஒன்று கைவசம் இருந்தது நல்ல காலம். அதே சாலைகளில் மறுபடி எண்ணிப் பார்த்தபோது சரிவு பரத்பூருக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிந்தது. 1992இலிருந்து 2007 வரையிலான கணக்குப்படி வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்திருந்தது. நீள்மூக்கு இனங்கள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 97 சதவீதம். வெண்முதுகுப் பாறில் ஆயிரத்துக்கு ஒன்று மிஞ்சிய கணக்கு.

முதலில் சந்தேகிக்கப்பட்டவை

எந்த உயிரினம் குறைந்தாலும் முதலில் எழும் சந்தேகங்கள் இங்கேயும் எழுந்தன: தீனி குறைந்தது, கூடு கட்ட உயர்ந்த மரமில்லை, பூச்சிக்கொல்லி.

தீனிப் பஞ்சம் என்ற விளக்கம் வட இந்தியாவில் சீக்கிரமே தடுமாறியது. மாட்டின் தொகை குறையவில்லை, பிணங்களும் குறையவில்லை. பாறு தின்னாமல் விட்டதைத் தின்று தெருநாய்கள்தான் பெருகின. பட்டினியால் சாகும் பறவை மெலிந்திருக்கும். ஆனால் கிடைத்த உடல்களில் பல நல்ல ஊட்டத்தோடு இருந்தன. மரமில்லை என்பதும் பரத்பூருக்குப் பொருந்தவில்லை. பாதுகாக்கப்பட்ட பூங்காவில் மரங்கள் நின்றன, கூடுகள்தான் காலியாயின.

பூச்சிக்கொல்லி விளக்கத்துக்குக் கௌரவமான முன்வரலாறு உண்டு. டி.டி.டி. வகை நஞ்சுகளால் முட்டை ஓடு மெலிந்து வல்லூறு இனங்கள் மேற்கில் சரிந்ததை 1967இல் பிரிட்டனின் டெரக் ராட்கிளிஃப் காட்டியிருந்தார். பாறுக்கும் அதுவே நேர்ந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஓடு மெலிதல் குஞ்சு பொரிப்பைத்தான் கெடுக்கும். வளர்ந்த பறவையை வருடத்துக்கு மூன்றில் ஒன்று என்ற வேகத்தில் சாய்க்காது. பாறு வருடத்துக்கு ஒரே முட்டை இடும். முதல் கூடு கட்டவே ஐந்து வயதாகும். இப்படி மெதுவாகப் பெருகி நெடுநாள் வாழும் இனத்தில், குஞ்சு குறைந்தால் தொகை தேயும். பெரியவை செத்தால்தான் தொகை உடையும். பரத்பூரில் நடந்தது உடைவு.

தொற்றுநோய்க் கட்சி

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வலுவாக நின்றது தொற்றுநோய் விளக்கம். லண்டன் விலங்கியல் கழகத்தின் ஆண்ட்ரூ கன்னிங்ஹாமும் இந்திய ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே இந்தியப் பாறுகள் ஒரு கொள்ளைநோய்க்குப் பலியா என்று கேட்டது. கேள்விக்குறியோடுதான் கேட்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அவர்கள் தரப்பில் நியாயம் இருந்தது. எல்லா வயதுப் பறவைகளும் செத்தன. ஒரு வட்டாரத்தை அடுத்து இன்னொரு வட்டாரம் என்று மரணம் பரவியதுபோல் தோன்றியது. கழுத்துத் தொங்கல் நோய்க்குறி போல் இருந்தது. அறுத்துப் பார்த்த உடல்களில் குடல் அழற்சியும் இரத்தநாள அழற்சியும் தெரிந்தன. நெருங்கிய உறவுடைய இனங்கள் மட்டும் தாக்கப்பட்டது ஒரு புதிய வைரஸின் கைவரிசை போல இருந்தது. அது உண்மையானால், வலசை போகும் பாறுகள் வழியே நோய் மத்திய ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போயிருக்க வேண்டும். அந்தப் பயம்தான் ஆய்வுக்கு உலகக் கவனத்தையும் பணத்தையும் கொண்டுவந்தது.

இன்னொரு தடயமும் இரண்டு பக்கமும் பேசியது. செத்த பாறுகளில் பெரும்பாலானவற்றின் இதயம், கல்லீரல், சிறுநீரகம் மேல் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைப் படிவு. சிறுநீரகம் வேலை நிறுத்தியதால் யூரிக் அமிலம் வெளியேறாமல் உறுப்புகள் மேல் உறைந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. செத்த குஞ்சைக் கிழித்துப் பார்த்து ‘கவுட்’ என்பார்கள். அங்கே கவுட்டுக்குக் காரணமாக வைரஸும் இருக்கலாம், தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து கூடியதும் இருக்கலாம், குடிநீர் குறைந்ததும் இருக்கலாம், மருந்தும் இருக்கலாம். படிவு சிறுநீரகம் கெட்டதைச் சொல்லும். கெடுத்தவர் யார் என்று சொல்லாது. நாமக்கல்லில் 1985இலிருந்து இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த எவரும் பாறின் உடலைப் பார்த்திருந்தால் முதலில் வைரஸைத்தான் சந்தேகித்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். கன்னிங்ஹாம் குழுவின் ஊகத்தைப் பின்னாளில் சிலர் ஏளனமாகப் பேசியது நியாயமல்ல.

அவர்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. இந்தியாவிலிருந்து திசு மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்ப அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. விடை எல்லைக்கு அந்தப் பக்கம் கிடைத்ததில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

மருந்துக்கடையில் கிடைத்த விடை

பாகிஸ்தானின் பஞ்சாபில், பெரெக்ரின் ஃபண்ட் என்ற அமெரிக்க அமைப்பும் பாகிஸ்தான் பறவையியல் கழகமும் 2000இலிருந்து பாறுக் குடியிருப்புகளைக் கண்காணித்தன. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை நோயறிஞர் லிண்ட்சே ஓக்ஸ் உடல்களை அறுத்துப் பார்த்தார். 259 உடல்களில் 85 சதவீதத்தில் அந்த வெள்ளைப் படிவு. கோழிகளில் கவுட் உண்டாக்கும் வைரஸ் உட்படப் பலவற்றைத் தேடினார், இல்லை. கன உலோகம், பூச்சிக்கொல்லி தேடினார், அவையும் இல்லை.

இதற்குப் பிறகு அவர் எடுத்த அடி மொத்த ஆய்வின் திருப்புமுனை. பாறுகளின் தீனி வளர்ப்பு மாடு. மாட்டுக்குள் போவது மருந்து. அப்படியானால் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய, வாய்வழி உடலில் ஏறக்கூடிய எந்த மருந்து இந்த வட்டாரத்தில் பரவலாக விற்கிறது என்று கால்நடை மருத்துவர்களிடமும் மருந்து விற்பவர்களிடமுமாக 74 இடங்களில் விசாரித்தார்கள். ஒன்றே ஒன்று பொருந்தியது: டைக்ளோஃபினாக். மனிதர் மூட்டுவலிக்குத் தின்னும் அதே மருந்து, 1990களில் மலிவாகி மாட்டு ஊசியாகவும் வந்திருந்தது.

2004இல் நேச்சர் இதழில் வந்த முடிவுகள் சுருக்கமானவை. படிவோடு செத்த 25 பாறுகளின் சிறுநீரகத்தைச் சோதித்தபோது 25இலும் டைக்ளோஃபினாக் இருந்தது. வேறு காரணங்களால் செத்த 13இல் ஒன்றில்கூட இல்லை. மருந்து போட்ட எருமை, ஆட்டு இறைச்சியைக் கூண்டுப் பாறுகளுக்குக் கொடுத்தபோது பல பறவைகள் சில நாட்களில் அதே படிவோடு செத்தன. ஒன்றாகக் காணப்படுவது மட்டும் போதாது, செயற்கையாகச் செய்து காட்டியும் நிறுவ வேண்டும் என்ற பழைய நிபந்தனை நிறைவேறியது.

அதோடு வழக்கு முடியவில்லை. பாகிஸ்தானின் முடிவு இந்தியாவுக்குப் பொருந்துமா? இந்தியாவிலும் நேபாளத்திலும் கிடைத்த உடல்களை வைத்து அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு அதே தொடர்பைக் காட்டியது. எத்தனை மாட்டுக்குத்தான் சாகும் தறுவாயில் ஊசி போடுகிறார்கள், அந்தச் சொற்ப மாடுகளால் கோடிக்கணக்கான பறவைகள் அழியுமா? இது கூர்மையான ஆட்சேபம். ரைஸ் கிரீன் என்ற ஆய்வாளரின் குழுவினர் கணக்கிட்டார்கள்: பாறுகள் தின்னும் பிணங்களில் 0.13 முதல் 0.75 சதவீதத்தில் கொல்லும் அளவு மருந்து இருந்தாலே கண்ட வேகத்துக்குப் போதும். ஒரு பிணத்தில் ஐம்பது, நூறு பறவைகள் உட்காரும். ஒரு பறவை வருடத்துக்குப் பல பிணங்களைத் தொடும். பின்பு 2004-05இல் இந்தியாவில் 1,848 மாட்டுக் கல்லீரல்களைச் சோதித்தபோது சுமார் 10 சதவீதத்தில் மருந்து இருந்தது. தேவைக்கு மேல் பன்மடங்கு.

2006இல் இந்திய அரசு மாட்டு டைக்ளோஃபினாக் உற்பத்தியை நிறுத்தச் சொன்னது. மாற்றாக மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கற்றது என்று அதே ஆண்டு சோதனைகள் காட்டின.

உலகம் தானாகச் செய்த சோதனைகள்

ஒரு விளக்கம் சரியா என்று அறிய, அது தவறானால் என்ன தெரியும் என்று கேட்பதே நேர்வழி. டைக்ளோஃபினாக் விளக்கம் தவறானால், மருந்து புழங்காத நாட்டிலும் பாறு இதே வேகத்தில் சரிந்திருக்க வேண்டும். மருந்தை நிறுத்தியும் சரிவு தொடர வேண்டும்.

கம்போடியாவில் இதே இனங்கள் உண்டு. அங்கே மாட்டுக்கு இந்த மருந்து போடும் வழக்கம் இருக்கவில்லை. தெற்காசியா சரிந்தபோது அங்கிருந்த சிறு தொகை நின்றது. பின்னாளில் நஞ்சாலும் தீனிக் குறைவாலும் அங்கேயும் குறையத் தொடங்கியது வேறு கதை. நேபாளத்தில் தடை ஓரளவு கண்டிப்பாக நடந்தது. தொகை ஓரளவு மீண்டது. இந்தியாவில் தடைக்குப் பிறகு சரிவின் வேகம் தணிந்ததை 2012இல் வந்த ஆய்வு காட்டியது. தொற்றுநோயாக இருந்திருந்தால் ஒரு மருந்தை நிறுத்தியதும் அது தணிய வேண்டிய அவசியமில்லை. ஆப்பிரிக்காவுக்குக் கொள்ளைநோய் போகவும் இல்லை. அங்கே பாறுகள் வேறு வழிகளில், முக்கியமாக நஞ்சு வைத்த பிணங்களால், சாகின்றன.

எதிர்க்குரல் முற்றிலும் ஓயவில்லை. 2009இல் கரண்ட் சயின்ஸ் இதழில் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலிப் பறவைகளில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்ட குழு, சரிவுக்கு மலேரியா காரணமா என்று கேட்டது. சில பறவைகளின் மாதிரி அது. அவற்றின் சாவை அது விளக்கலாம். நாடு முழுவதும் நடந்ததை விளக்க, ஒட்டுண்ணி 1990களில் திடீரென்று ஏன் கொடியதானது என்றும் சொல்ல வேண்டும். சொல்லப்படவில்லை. மருந்து சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதிலும் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. சிறுநீரகத்துக்கு இரத்தம் போவதைத் தடுக்கிறது என்கிறார் ஒருவர், செல்லுக்குள் யூரிக் அமிலப் போக்குவரத்தைக் கெடுக்கிறது என்கிறார் இன்னொருவர். அமெரிக்காவின் வான்கோழிக் கழுகு பன்மடங்கு அளவைத் தாங்குவது இந்த விவாதத்தில் இன்னும் பேசப்படும் புதிர்.

தெற்கின் கணக்கு

இனி ஆத்தூருக்குத் திரும்பலாம். டைக்ளோஃபினாக்கை நிரூபித்த பரத்பூர் கூடுகள், பஞ்சாப் உடல்கள், அந்தப் பழைய சாலைக் கணக்கு எல்லாம் பெரும்பாலும் வடக்கு, மேற்கு, மத்திய, கிழக்குப் பகுதிகளுக்குரியவை. சேலம், நாமக்கல் சமவெளிக்கு அதுபோன்ற அடிப்படைக் கணக்கு இல்லை. எப்போது குறையத் தொடங்கியது என்று தெரியாமல் எதனால் குறைந்தது என்று சொல்வது, பிறந்த தேதி தெரியாமல் ஜாதகம் கணிப்பது போன்றது. செங்கல்பட்டுப் பக்கம் திருக்கழுக்குன்றத்தில் பூசாரி கையால் உணவுண்ண வந்த மஞ்சள்முகப் பாறுகள் 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு வரவில்லை என்பது ஊரறிந்தது. காலம் மருந்துக் கதையோடு ஒத்துப்போகிறது. ஆனால் இரண்டு பறவைகளை வைத்துக் கோடு போட முடியாது.

தெற்கில் தீனி விளக்கத்தையும் வடக்கைப் போல எளிதில் தள்ள முடியாது. வற்றிப்போன மாட்டை இங்கே வீட்டில் சாகும்வரை வைத்திருப்பது குறைவு. சந்தைக்குப் போகும், அங்கிருந்து பெரும்பாலும் இறைச்சிக்குப் போகும். திறந்த வெளியில் கிடக்கும் பிணத்தின் எண்ணிக்கை ராஜஸ்தானோடு ஒப்பிடத் தகுந்ததல்ல. மருந்துக்கு முன்பே தென் சமவெளியில் பாறு மெலிந்திருக்கலாம், மருந்து கடைசித் தள்ளு மட்டுமாக இருந்திருக்கலாம். இது ஊகம், ஆனால் மறுக்கப்படாத ஊகம்.

தமிழகத்தில் பாறுகள் இன்று முக்கியமாக மோயாற்றுப் பள்ளத்தாக்கில், முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் நீர்மத்தி மரங்களில் கூடு கட்டுகின்றன. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எடுத்த கணக்கில் 2023 தொடக்கத்தில் 246, அதே ஆண்டு இறுதியில் 320, 2025இல் 390 என்று எண்ணிக்கை ஏறியிருக்கிறது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் ஒரு கூட்டுக்கு வருடத்துக்கு ஒரு குஞ்சு பொரிக்கும் பறவை பத்து மாதத்தில் 30 சதவீதம் பெருக முடியாது. எண்ணிய இடங்களும் எண்ணும் கைகளும் கூடியதன் பங்கு அதில் கணிசமாக இருக்க வேண்டும். உண்மையான பெருக்கம் எவ்வளவு என்பதை ஒரே இடங்களில், ஒரே முறையில், பத்தாண்டு எண்ணினால்தான் பிரிக்க முடியும்.

மோயாற்றிலிருந்து ஆத்தூர் நேர்க்கோட்டில் 200 கி.மீ. அளவில்தான் இருக்கும். இரை தேடிப் பல நூறு கிலோமீட்டர் திரியும் பறவைக்கு அது தொலைவே இல்லை. ஆக, ஏன் மடிந்தன என்பதைவிட ஏன் திரும்பவில்லை என்பது தனிக் கேள்வி. ஒரு தொகையைச் சாய்த்த காரணமும் அதை எழவிடாமல் அழுத்தும் காரணமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று விதியில்லை.

எழவிடாமல் அழுத்துவது எது?

மருந்துத் தரப்பின் பதில், மருந்து இன்னும் போகவில்லை என்பது. அதற்கு ஆதாரம் உண்டு. தடைக்குப் பின் 2007க்கும் 2010க்கும் இடையில் 11 மாநிலங்களில் 250க்கு மேற்பட்ட கடைகளில் வாடிக்கையாளர் போலச் சென்று கேட்டபோது 36 சதவீதக் கடைகளில் மாட்டுக்கென்று டைக்ளோஃபினாக் கிடைத்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திரும்பியதால் 2015இல் குப்பி அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். 2017இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறும் அசிக்ளோஃபினாக்கும், பாறுகளைக் கொல்லும் கீட்டோபுரோஃபெனும் 2023இல்தான் நாடு முழுவதும் கால்நடைக்குத் தடையாயின. கீட்டோபுரோஃபெனைத் தமிழகம் அதற்கு முன்பே நீலகிரி, ஈரோடு, கோவை மாவட்டங்களில் கட்டுப்படுத்தியிருந்தது. பாறு உள்ள மாவட்டங்களைக் காப்பது புரிந்துகொள்ளத்தக்கது. சேலமும் நாமக்கல்லும் பட்டியலில் இல்லாததால், திரும்பி வரக்கூடிய பறவைக்கு வழியில் என்ன காத்திருந்தது என்ற கேள்வியும் எழுகிறது.

நஞ்சுத் தரப்பு வேறொன்றைச் சுட்டுகிறது. மாட்டை அடித்த புலியையோ சிறுத்தையையோ பழிவாங்க, மிச்சப் பிணத்தில் பூச்சிக்கொல்லி தெளிப்பவர்கள் உண்டு. பல இடங்களில் தெருநாய்க்கு வைத்த நஞ்சும் பாறுக்குப் போகிறது. 2022 மார்ச்சில் அசாமின் காம்ரூப் மாவட்டத்தில் ஒரே சம்பவத்தில் 97 பாறுகள் செத்தன. ஆயிரக்கணக்கில் இருந்த காலத்தில் இது ஒரு விபத்து. நானூறில் நிற்கும் தென்னகத் தொகைக்கு இதுபோல் ஒன்று போதும்.

தீனித் தரப்புக்கு ஆதாரம் மறைமுகமானது. நோய் பரவும் என்ற நியாயமான காரணத்தால் பிணங்கள் புதைக்கப்படுகின்றன. காட்டோரத்தில் மேய்ச்சல் சுருங்கியிருக்கிறது. மோயாற்றுப் பறவைகள் காட்டைவிட்டு வெளியே வராததற்கு வெளியே உணவில்லை என்பது காரணமாக இருக்கலாம். வெளியே வந்தவை செத்து, உள்ளே இருப்பவை மட்டும் நம் கண்ணுக்குத் தெரிகின்றன என்பதும் காரணமாக இருக்கலாம். இரண்டும் வரைபடத்தில் ஒரே மாதிரித்தான் தெரியும். பறவை முதுகில் கருவி கட்டி, அது போகும் தூரத்தையும் சாகும் இடத்தையும் பார்த்தால்தான் இரண்டையும் பிரிக்கலாம்.

இதற்கிடையே ஒரு பொருளாதார ஆய்வும் வந்தது. 2024இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவில் இயால் ஃபிராங்கும் அனந்த் சுதர்சனும், பாறுக்கு ஏற்ற மாவட்டங்களையும் மற்றவற்றையும் ஒப்பிட்டு, பாறு இழப்பால் 2000க்கும் 2005க்கும் இடையில் சுமார் ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். எண்ணிக்கை பரபரப்பானது, அது முன்பு பாறு எங்கே இருந்தது என்ற வரைபடத்தின் மேல் நிற்கிறது. தென் சமவெளியைப் பொறுத்தவரை அந்த வரைபடத்துக்கு அடியில் எண்ணிய கூடுகள் இல்லை.

கையில் உள்ளதும் கையில் இல்லாததும்

1990களின் பெருஞ்சரிவுக்கு டைக்ளோஃபினாக்தான் முதன்மைக் காரணம் என்பதில் நியாயமான சந்தேகத்துக்கு இடம் குறைவு. ஆய்வகமும் களமும் கணக்கும் தடையின் பின்விளைவும் ஒரே பக்கம் பேசுகின்றன. தொற்றுநோய் விளக்கம் அன்றைய சான்றுகளுக்கு ஏற்றதாக இருந்தது. பிறகு வந்த சோதனைகளில் நிற்கவில்லை.

தெற்குச் சமவெளியில் சரிவு எப்போது தொடங்கியது என்பதும், அதில் மருந்துக்கும் மாட்டுச் சந்தைக்கும் உள்ள பங்கும் தெரியவில்லை. பழைய அருங்காட்சியக மாதிரிகளின் தேதிகளும், வயதானவர்களின் நினைவை முறையாகக் கேட்டுப் பதிவுசெய்வதும் ஓரளவு உதவலாம். இன்றைய தடையைச் சோதிப்பது எளிது. ஆத்தூர், தலைவாசல், ராசிபுரம் போன்ற ஊர்களின் மருந்துக்கடைகளில் எந்த வலி ஊசி விற்கிறது, இறந்த மாடுகளின் கல்லீரலில் எது மிஞ்சுகிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். 2021இல் தலைவாசலில் திறக்கப்பட்ட கால்நடை ஆராய்ச்சி நிலையமும் நாமக்கல் கல்லூரியும் இதற்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அந்தக் கல்லீரல்கள் சுத்தமாக இருந்து பாறு அப்போதும் வராவிட்டால், தீனித் தரப்பும் நஞ்சுத் தரப்பும் தங்கள் வாதத்தை மீண்டும் எடுத்து வைக்கலாம்.